ஒலிவாங்கியைத் தேர்பவர் யார்?

தமிழாசிரியர் கூடும் இடங்களில் பாடநூலைப் பற்றிப் பேசுகிறோம். தேர்வுத்தாளைப் பற்றிப் பேசுகிறோம். வீட்டில் தமிழ் குறைந்து வருவதைப் பற்றி மனம் நொந்து பேசுகிறோம். ஆனால் நம் தமிழை இன்றைய மாணவனின் செவிக்குக் கொண்டு சேர்க்கும் ஒரு சிறு கருவியைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. அதுதான் ஒலிவாங்கி. மக்கள் நாவில் 'மைக்' என வழங்கும் அக்கருவியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் கடைக்காரரிடமும் ஒலிப்பதிவுக் கூடத்தாரிடமும் விட்டுவிட்டு நாம் கைகட்டி நிற்கிறோம். இது தவறு, சிறு தவறன்று, பெருந்தவறு. இதுவே என் வாதம்.

ஒலிவாங்கியில் தமிழாசிரியனுக்கு என்ன வேலை என்று கேட்பவர் இருக்கலாம். அவர்களுக்கு என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன்.

நான் வார இறுதித் தமிழ்ப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியன். எங்கள் பள்ளிக்குச் சிறுவர் கதைகளும் உரையாடல்களும் அடங்கிய ஒலிப்பதிவுத் தொகுப்பு ஒன்று தேவைப்பட்டது. வீட்டில் தமிழ் கேளாத பிள்ளைகள் கைப்பேசியிலேனும் தமிழ் கேட்கட்டும் என்பது எங்கள் நோக்கம். நன்கொடை திரட்டி, சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு கடைவீட்டு மாடியில் இயங்கிய ஒலிப்பதிவுக் கூடத்திற்குப் பன்னிரண்டு மாணவரை அழைத்துச் சென்றோம். அங்கிருந்த இளைஞர் பணிவாகத்தான் நடந்துகொண்டார். "ஐயா, எங்களிடம் உள்ளதிலேயே விலை உயர்ந்த மைக் இதுதான். பெரிய பாடகர்களுக்கு வைப்பது. உங்கள் பிள்ளைகளுக்கும் இதையே வைக்கிறேன்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. தலையாட்டினேன். அதுவே நான் செய்த பிழை.

பதிவு முடிந்து வகுப்பில் போட்டுக் காட்டினேன். கேட்டதைக் கேட்டபடி எழுதுக என்றேன். நம் பள்ளிகளில் நெடுங்காலமாக இருந்துவரும் சொல்வதெழுதுதல்தான். "நான் பள்ளிக்குச் சென்றேன்" என்று ஒரு சிறுமி தெளிவாகப் படித்தது எனக்கு நினைவிருக்கிறது; அவள் படிக்கும்போது நான் அருகில் நின்றேன். ஆனால் வகுப்பில் பலர் எழுதியது, "நான் பல்லிக்குச் சென்றேன்" என்பது! பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சிறுமி தலை குனிந்தாள். தன் நாக்கில்தான் குற்றம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். குற்றம் அவள் நாக்கில் இல்லை.

நடந்தது என்ன? அந்த ஒலிவாங்கி மிக நுண்மையான வகையைச் சேர்ந்தது; 'கண்டென்சர்' என்பர். மெல்லிய தகடு ஒன்று காற்றின் சிற்றசைவுக்கும் அதிரும். அந்த அதிர்வு மின்னலையாக மாறும். அது குரலை மட்டும் வாங்கவில்லை. குளிரூட்டியின் இரைச்சல், கீழே சாலையில் பேருந்து நின்று புறப்படும் ஒலி, வெற்றுச் சுவரில் மோதித் திரும்பிய எதிரொலி ஆகிய அனைத்தையும் அள்ளிக்கொண்டது. பெரியவர் உயரத்திற்கு நிறுத்தப்பட்டிருந்ததால் சிறுவர் வாய்க்கும் அதற்கும் இடையே நெடுந்தூரம் இருந்தது. பிறகு அவ்விளைஞர் கணினியில் இரைச்சலை நீக்கினார். இரைச்சலோடு சேர்ந்து எழுத்துகளின் விளிம்பும் போயிற்று. ளகரம் லகரமாயிற்று.

தொல்காப்பியர் பிறப்பியலில் இவ்வெழுத்துகளுக்கு இலக்கணம் வகுத்ததை நாம் மாணவருக்குக் கற்பிக்கிறோம். நாவின் விளிம்பு தடித்து மேலெழுந்து, ஓரிடத்தில் ஒற்றினால் லகரம், வருடினால் ளகரம் என்பது அவர் கண்ட நுட்பம். ஒற்றுதலும் வருடுதலும்! இவ்வளவே அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவு. நுனி நா மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருடும்போது ழகரம் பிறக்கிறது. இத்தனை நுண்ணிய வேறுபாட்டை ஒரு மொழி தன் எழுத்துகளுக்கு அடிப்படையாகக் கொண்டிருக்க, அதனைப் பதிவு செய்யும் கருவியை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்கலாம் என்றால், அது எந்த ஊர் நியாயம்?

இனி, இத்துறையில் நாம் யாரிடம் பாடம் கேட்கலாம் என்று பார்ப்போம். நான் சொல்லப் போகும் பெயர்கள் சிலருக்கு முகச்சுளிப்பை உண்டாக்கும். அவர்கள் மேனாட்டு 'ராக்' இசைத் தயாரிப்பாளர்களும் ஒலிப்பதிவாளர்களும் ஆவர். மின்கித்தாரும் பேரோசையும் நிறைந்த அந்த இசை எனக்கும் உவப்பானதன்று. ஆயினும் அவர்கள் ஒலிவாங்கியைத் தேர்ந்த முறையில் உள்ள அறிவை நான் மதிக்கிறேன்.

1977ஆம் ஆண்டு. பெர்லின் சுவருக்கு அருகில் இருந்த ஹான்சா என்னும் ஒலிப்பதிவுக் கூடம். டேவிட் போவி என்னும் ஆங்கிலப் பாடகர் 'ஹீரோஸ்' என்ற பாடலைப் பாட வேண்டும். தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி. அப்பாடல் தாழ்ந்த குரலில் தொடங்கி, போகப் போக உயர்ந்து, முடிவில் கதறலாக மாறுவது. விஸ்கான்டி என்ன செய்தார்? மூன்று ஒலிவாங்கிகளை நிறுத்தினார். ஒன்று பாடகரின் வாய்க்கு ஏறத்தாழ 9 அங்குலத்தில். மற்றொன்று ஏறத்தாழ 20 அடி தொலைவில். மூன்றாவது ஏறத்தாழ 50 அடி தொலைவில், அப்பெருங்கூடத்தின் கோடியில். தொலைவில் உள்ள இரண்டுக்கும் மின்கதவு போன்ற ஓர் ஏற்பாட்டைப் பொருத்தினார். பாடகர் மெல்லப் பாடும்போது அருகில் இருப்பது மட்டும் கேட்கும். குரல் உயர்ந்தால் இரண்டாவது திறக்கும். இன்னும் உயர்ந்தால் மூன்றாவதும் திறந்து, கூடமே குரலெடுத்துப் பாடுவது போன்ற முழக்கம் வரும்.

இதில் நாம் கருத வேண்டியது எது? விஸ்கான்டி விலையை முதலில் கேட்கவில்லை. 'இந்தப் பாடல் என்ன செய்கிறது? இந்தக் குரல் எங்கே தொடங்கி எங்கே போகிறது? இந்த அறை என்ன சொல்கிறது?' என்று கேட்டார். அதன் பின்னரே ஒலிவாங்கியைத் தொட்டார். பொருளுக்கேற்ற கருவி, கருவிக்கேற்ற இடம், இடத்திற்கேற்ற தொலைவு. இதுதான் தேர்வு.

இன்னொரு சான்று. 1971இல் வெளிவந்த தம் நான்காம் இசைத்தொகுப்பிற்காக லெட் செப்பெலின் குழுவினர் இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய மாளிகையில் தங்கினர். அங்கே ஜான் பொனம் என்பவரின் முரசுத் தொகுதியை மாடிப்படி ஏறும் உயர்ந்த முன்கூடத்தில் வைத்தார்கள். ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ், முரசு ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒலிவாங்கி என்று அடுக்கவில்லை. பேயர்டைனமிக் நிறுவனத்தின் 'எம் 160' என்னும் ரிப்பன் வகை ஒலிவாங்கிகள் இரண்டை மேலே படிக்கட்டில் தொங்கவிட்டார். அவ்வளவே. அந்த முழக்கத்தைப் பின்னால் வந்தவர் பலர் படியெடுத்துப் பயன்படுத்தினர். அதில் பாதி வேலையைச் செய்தது கருவியன்று. அந்த மாளிகையின் கல்லும் காற்றும்.

மூன்றாவது சான்று நம் மாணவர் அனைவரும் அறிந்த பெயர். 1982இல் மைக்கேல் ஜாக்சன் பாடி, குயின்சி ஜோன்ஸ் தயாரித்த 'திரில்லர்' உலகெங்கும் விற்றுச் சாதனை படைத்தது. அப்பாடகருக்கு எந்த ஒலிவாங்கியையும் வாங்கிக் கொடுக்கும் வசதி அவர்களுக்கு இருந்தது. ஆனால் ஒலிப்பதிவாளர் புரூஸ் ஸ்வீடியன் அவருடைய முதன்மைக் குரலுக்கு எடுத்தது, ஷூர் நிறுவனத்தின் 'எஸ்.எம். 7' என்னும் 'டைனமிக்' வகைக் கருவி. சில நூறு வெள்ளி விலையில் கிடைக்கக்கூடிய, வானொலி அறிவிப்பாளர்கள் பயன்படுத்தும் சாதாரணக் கருவி! பல மடங்கு விலையுள்ள ஜெர்மானியக் கருவிகளைக் கையாளத் தெரிந்தவர் அவர். தெரிந்ததனாலேயே வேண்டாம் என்று ஒதுக்கவும் அவருக்குத் தெரிந்தது.

இத்தனை சான்றுகளுக்குப் பின்னும் நம்மிடையே உலவும் வாதங்கள் நான்கு. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, 'விலை உயர்ந்ததே சிறந்தது' என்னும் வாதம். பொன்னால் செய்த எழுதுகோல் நல்ல கட்டுரை எழுதுமா? மேலே காட்டிய மூன்று சான்றுகளே இதற்கு விடை. ஆயினும் இதன் மறுதலையையும் நான் ஒப்பவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். 'மலிவானதே போதும்' என்பதும் சோம்பலின் வாதமே. மேலே கூறிய பதிவு பாழானபின், எங்கள் பள்ளியின் சாமான் அறையில் பழைய திரைச்சீலைகளைச் சுற்றிலும் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, காலைக் கூட்டத்தில் பயன்படுத்தும் சாதாரண டைனமிக் ஒலிவாங்கியை ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பதிவு செய்தோம். மறுபடியும் சொல்வதெழுதுதல் வைத்தேன். இம்முறை பல்லி பள்ளியாயிற்று. ஆனால் எங்கள் மாணவன் ஒருவன் மிக மெல்லிய குரலினன். அவன் பேச்சு அக்கருவியில் போர்வைக்குள்ளிருந்து வருவது போல் மங்கிக் கேட்டது. அவனுக்கு மட்டும் நுண்மையான கருவியை இரவல் வாங்கி, அதே அறையில், அருகில் வைத்துப் பதிவு செய்ய வேண்டியதாயிற்று. அப்போதுதான் அவன் குரல் விளங்கியது. ஆகவே கண்டென்சர் கெட்டதுமன்று, டைனமிக் நல்லதுமன்று. எந்தக் குரலுக்கு எது, எந்த அறையில் எது என்பதே கேள்வி.

இரண்டாவது, 'எப்படிப் பதிவு செய்தாலும் கணினி திருத்திக்கொள்ளும்' என்னும் வாதம். இது நம் காலத்தின் மூடநம்பிக்கை. கணினி இரைச்சலைக் குறைக்கும், ஒலியைக் கூட்டும், ஒலிவாங்கி வாங்காத ஒன்றை அது எங்கிருந்து கொண்டு வரும்? நாவளைந்து எழும் ஒலிகளின் அடையாளம், குரலின் அடித்தளத்தில் இல்லை. அதற்கு மேலெழும் நுண்ணதிர்வுகளில் இருக்கிறது என்பர் ஒலியியலார். எதிரொலியும் இரைச்சலும் அவற்றை மூடிவிட்டால், இரைச்சலை அகற்றும் மென்பொருள் அவற்றையும் சேர்த்தே அகற்றும். கறையோடு துணியையும் வெட்டி எறிவது வெளுத்தல் ஆகாது.

மூன்றாவது, 'குரல் நன்றாக இருந்தால் போதும். அக்காலத்தில் மைக்கா இருந்தது?' என்னும் வாதம். எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் ஒலிபெருக்கியின் துணையின்றி நாடக மேடையில் பாடி, கடைசி வரிசைவரை எட்டச் செய்தவர்கள். அவர்களை நானும் வணங்குகிறேன். ஆனால் அக்காலப் பதிவின் வரலாற்றையும் நாம் அறிய வேண்டும். 1903இல் கிராமபோன் நிறுவனத்தின் சார்பில் பிரெட் கெய்ஸ்பர்க் இந்தச் சிங்கப்பூருக்கு வந்து இங்குள்ளவர் பாடல்களைப் பதிவு செய்தார். அப்போது ஒலிவாங்கி இல்லை. பெரிய ஊதுகுழல் ஒன்றின் வாயை நோக்கி உரக்கப் பாட வேண்டும். மெல்லிய குரல் அதில் ஏறாது. 1925 அளவில் மின்முறைப் பதிவு வந்தபின்தான் உரக்கப் பாட இயலாதவரும் பதிவில் இடம் பெற்றனர். அதாவது, ஒலிவாங்கி வலியவருக்காக வந்ததன்று. மெலிந்த குரலுக்காக வந்தது. நம் வகுப்பறையில் கடைசி இருக்கையில் முணுமுணுக்கும் சிறுவனுக்கு அது வேண்டும். முழங்கத் தெரிந்த மேடைப் பேச்சாளருக்கு அது இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

நான்காவது வாதமே எனக்கு மிகவும் வருத்தம் தருவது. 'மேனாட்டு ஆரவார இசைக்காரரிடம் தமிழாசிரியன் கற்க என்ன இருக்கிறது?' என்பது அது. வயலின் எங்கிருந்து வந்தது? பாலுஸ்வாமி தீட்சிதர் அதனைத் தென்னக இசைக்குக் கொண்டு வந்தபோது, அயலார் கருவி என்று நாம் தள்ளியிருந்தால் இன்று கச்சேரி மேடை எப்படி இருக்கும்? வேற்றார் அறிவை நமதாக்கிக்கொள்வது தாழ்வன்று. அதனை அறியாமலே அவர்கள் செய்த கருவியை மட்டும் விலை கொடுத்து வாங்கி வைப்பதே தாழ்வு. இன்று நாம் செய்வது அந்த இரண்டாவது வேலையைத்தான். வள்ளுவர் தெரிந்துவினையாடல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். இந்த வேலையை, இந்த வழியால், இன்னார் முடிப்பார் என்று ஆராய்ந்து, அதன் பின்னர் அவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அதன் சாரம். விஸ்கான்டி அந்தக் குறளைப் படித்திருக்க மாட்டார். ஆனால் அதன்படி நடந்தார். நாமோ படித்திருக்கிறோம், மனப்பாடமும் செய்திருக்கிறோம்.

இதெல்லாம் இத்தனை பெரிய செய்தியா என்று இன்னும் ஐயுறுபவர், சிங்கப்பூரில் தமிழின் இன்றைய நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். 2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இங்குள்ள இந்தியருள் பாதிக்கு மேற்பட்டோர் வீட்டில் மிகுதியாகப் பேசுவது ஆங்கிலமே. உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982இல் மூடப்பட்டபின், தமிழே பயிற்றுமொழியாக உள்ள பள்ளி எதுவும் இத்தீவில் இல்லை. 2005ஆம் ஆண்டின் பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பின், பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் உரிய இடம் தர வேண்டும் என்பது கொள்கையாயிற்று. வாய்மொழித் தேர்வும் இன்று காணொளியைக் கண்டு உரையாடுவதாக அமைந்துள்ளது. ஆக, தமிழைச் செவியால் கற்கும் வாய்ப்பு வீட்டில் குறைய, அந்தக் குறையை நிரப்பும் பொறுப்பு பதிவு செய்யப்பட்ட குரலின் மேல் விழுந்திருக்கிறது. ஒரு குழந்தை வாரம் முழுதும் கேட்கும் ஒரே ழகரம் கைப்பேசியிலிருந்து வருவதாக இருக்கலாம். அந்த ஒரு ழகரமும் யகரமாகவோ ளகரமாகவோ கேட்குமாயின், அப்பிள்ளையிடம் நாம் எந்த முகத்தோடு உச்சரிப்பு மதிப்பெண்ணைக் குறைப்பது?

மற்றொன்றும் உண்டு. தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பணி 1979இல் தொடங்கியது. அதைப் பார்த்து நம் மாணவரும் தேக்கா அங்காடியில் கடை வைத்திருந்த பெரியவர், செம்பவாங் கடற்படைத் தளத்தில் உழைத்த தாத்தா, தஞ்சோங் பகாரில் வாழ்ந்த பாட்டி என்று பலரைக் கண்டு பேசிப் பதிவு செய்து வருகின்றனர். பாராட்டத்தக்க பணி. ஆனால் பதிவு எப்படி இருக்கிறது? காப்பிக்கடை மேசையின் நடுவே கைப்பேசியைக் கிடத்திவிட்டு, மாணவர் சுற்றி உட்கார்ந்துகொள்கிறார்கள். கோப்பை மோதும் ஒலி தெளிவாகக் கேட்கிறது. பாட்டியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. அந்தப் பாட்டி கொண்டு வந்த ஊர்வழக்கு, அவர் சொன்ன உறவுப்பெயர், அவருடைய றகரம் இவை அவரோடு போய்விடும். பிறகு எந்தக் கணினி மீட்டுத் தரும்? அதே கைப்பேசியை அவர் வாய்க்கு ஒரு முழத்திற்குள் பிடித்து, சாலையோரத்தை விட்டு உள்ளறையில் அமர்ந்திருந்தால் போதுமே! அதற்கு ஒரு காசும் செலவில்லை. ஆசிரியர் ஒருவர் முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவே.

ஆகவே ஆசிரியப் பெருமக்களிடம் நான் வேண்டுவன மூன்று. ஒன்று: பதிவுக்கு முன் அறையைக் கேளுங்கள். கையைத் தட்டிப் பாருங்கள். ஒலி திரும்பி வந்தால் திரைச்சீலையோ கம்பளமோ இடுங்கள். குளிரூட்டியைச் சற்று நேரம் நிறுத்துங்கள். இரண்டு: கருவியைப் பிள்ளையின் உயரத்திற்கு இறக்குங்கள். ஒரு சாண் அளவில், வாய்க்கு நேராக அன்றிச் சற்றே பக்கவாட்டில் வையுங்கள். பகரம் வெடித்து மோதாது, சகரம் சீறாது. மிகவும் நெருங்கினால், ஒருபக்க ஒலியை வாங்கும் கருவிகளில் அடிக்குரல் கனத்துவிடும் என்பதையும் மறவாதீர்கள். மூன்று: எந்தக் கருவியையும் நம் மயங்கொலிகளால் சோதியுங்கள். வலி, வளி, வழி, அலகு, அளகு, அழகு, அரம், அறம், மனம், மணம். இவற்றை ஒரு மாணவன் படிக்கட்டும். பதிவை மட்டும் கேட்டு வேறு வகுப்பு எழுதட்டும். எழுத்து மாறினால் கருவியையோ இடத்தையோ மாற்றுங்கள். கடைக்காரர் தரும் விளக்கத்தாளில் உள்ள எண்களைவிட இந்தச் சொல்வதெழுதுதல் நமக்கு உண்மையைச் சொல்லும். ஒலிப்பதிவுக் கூடத்தார் எத்தனை வல்லவராயினும், வளி என்பதற்கும் வழி என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் காக்கும் கடமை அவருடையதன்று, நம்முடையது.

மாணவச் செல்வங்களுக்கும் ஒரு சொல். உங்களில் பாட்டில் நாட்டம் உடையோர் உண்டு. அறையிலேயே கணினியில் இசையமைப்போரும் உண்டு. சென்னையில் தம் வீட்டை ஒட்டி அமைத்த கூடத்திலிருந்து ஏ.ஆர். ரகுமான் 1992இல் 'ரோஜா'வின் வழியே உலகை எட்டினார் என்பதை நீங்கள் அறிவீர்கள். நீங்களும் எட்டுவீர்கள். அப்போது புகழ்பெற்ற பாடகர் எந்த மைக் வைத்திருக்கிறார் என்று தேடி அதையே வாங்க முந்தாதீர்கள். உங்கள் குரல் எத்தகையது, உங்கள் பாட்டில் எந்தச் சொல் கேட்டாக வேண்டும் என்று முதலில் கேளுங்கள். தமிழ்ப் பாட்டில் சொல் தெளியாவிட்டால் எஞ்சுவது வெறும் ஓசைதான்.

எங்கள் பள்ளித் தொகுப்பின் இரண்டாம் பதிவு முடிந்த நாளில், அந்தச் சிறுமியை அழைத்து, அவள் படித்த பகுதியை அவளுக்கே போட்டுக் காட்டினேன். 'பள்ளிக்குச் சென்றேன்' என்ற தொடர் வந்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஐயா, நான் முதலிலும் இப்படித்தானே சொன்னேன்?" என்றாள். ஆம் அம்மா, நீ சரியாகத்தான் சொன்னாய். கேட்க வேண்டிய நாங்கள்தான் சரியாகக் கேட்கவில்லை. அடுத்த முறை ஒலிவாங்கியைத் தேர்பவர் யார் என்று எவரேனும் கேட்டால், 'நான்' என்று ஒவ்வொரு தமிழாசிரியரும் சொல்லட்டும்.